முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இன்சுலின்

என் பிரியமுள்ள அத்தாவுக்கு, இறைவனின் சாந்தி உங்கள் மேல் இருக்கட்டும்.

நீங்கள் போன இந்த ஒன்பது வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தொழுது முடித்து உட்கார்ந்திருக்கும்போது மனசுக்குள் உங்களோடு பேசுவதுண்டு. ஆனால் நல்ல செய்திகளை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஆனையூரில் மாடி வீடு பார்த்துக் குடிவந்தது, எனக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது, அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்பது, இப்படி. ஒன்றை மட்டும் சொல்லாமலே வைத்திருந்தேன். பதினாலு மாதமாக.

எனக்கும் சர்க்கரை, அத்தா.

அறிகுறிகள் உங்களுக்குத் தெரியாததா? தாகம், அடிக்கடி எழுந்து போவது, இடுப்பில் நிற்காத சல்வார். "என்ன மேடம், டயட்டா? நல்லா இளைச்சிட்டீங்க" என்று கூட வேலை பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்கள் மதியத்துக்கு மேல் கலங்கித் தெரிய ஆரம்பித்தபோதுதான் பயந்துபோய் டாக்டரைப் பார்த்தேன். படிக்க முடியாமல் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

டாக்டர் ஒரு பெண். மெல்லப் பேசுகிறவர். "அப்பாவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "கன்ட்ரோல்ல வச்சிருந்தாங்களா?"

"வச்சிருந்தாங்க டாக்டர்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான். நம் பழைய பதில், தானாக வாயில் வந்தது.

கீழவாசல் பக்கத்துச் சந்தில் நம் பழைய வீடு உங்களுக்கு நினைவிருக்கும். நூலும் பட்டனும் லேஸும் விற்கிற நம் கடையிலிருந்து எப்போதும் இருட்டிய பிறகுதான் வருவீர்கள். டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் சீக்கிரம் வந்து, நீல அட்டை போட்ட அந்தச் சர்க்கரை நோட்டை என் மடியில் வைப்பீர்கள். தினமும் விரலில் குத்திப் பார்த்து எழுத வேண்டிய நோட்டு. நீங்கள் குத்திப் பார்த்ததெல்லாம் முதல் பத்து நாள்தான். மீதி இரண்டு மாதமும் வெறும் கட்டங்கள். "என்ன புள்ள, போடுவமா?" என்பீர்கள்.

எனக்குப் பதினாலு வயசு. அந்த வேலையை நான் எவ்வளவு திறமையாகச் செய்தேன்! ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று ஒரு நீலம், ஒரு கறுப்பு, மை தீரப்போகிற இன்னொரு பேனா. ஒரு பக்கத்து ஓரத்தில் டீ கிளாஸை வைத்து ஒரு வட்டம். "எல்லாத்தையும் நூத்தி முப்பதா போடாத. நடுவுல ஒரு நூத்தித் தொண்ணூறப் போடு. கல்யாண வீட்டுப் பிரியாணின்னு சொல்லிக்கிறலாம்" என்று நீங்கள் சொல்ல, நான் சிரிக்க, என் சிரிப்பைப் பார்த்து நீங்களும் சிரிப்பீர்கள்.

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த டாக்டர் கத்துகிறவர். "பாய், சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று ஒருமுறை வெளியில் உட்கார்ந்திருந்த நம் தெருக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கத்தினார். கடைக்கு வருகிற ஒவ்வொரு டெய்லரும் மரியாதையாகப் பேசுகிற மனிதர் நீங்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் நோட்டு என் மடிக்கு வந்தது. "வெரி குட் பாய், இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்று அவர் சொன்னதை அவர் குரலிலேயே எனக்குப் பேசிக் காட்டினீர்கள். அன்றைக்கு எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வந்தீர்கள். நீங்களும் இரண்டு எடுத்துக்கொண்டீர்கள்.

ஐந்து வருடம் எழுதினேன். பிறகு ஒருநாள் கடைத் தரையில் கிடந்த குண்டூசி உங்கள் உள்ளங்காலில் ஏறி இரண்டு நாள் உள்ளேயே இருந்தது. உங்களுக்கு வலிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். வேறொரு டாக்டர், ஒரு கையில் அந்த ரிப்போர்ட்டும் இன்னொரு கையில் நம் நோட்டுமாக, "யார் இதை எழுதினது?" என்று கேட்டார். கதவோரம் நின்றிருந்தேன் நான். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே "நான்தான்" என்றீர்கள்.

மூன்று வாரம் கழித்து நீங்கள் இல்லை.

அம்மாவிடம் நான் எப்படிச் சொல்லியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். உங்கள் நாற்பதாம் நாள் முடிந்ததும் சர்க்கரை பார்க்கும் மெஷினை, மிச்சமிருந்த ஊசிகளை, மாத்திரை டப்பாவை எல்லாம் ஒரு பையில் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். சொந்தக்காரர் வீட்டில் யாராவது விரலில் குத்திக்கொண்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். இதில் உங்கள் தம்பி, சின்னத்தா வேறு எனக்கு மாதம் ஒரு வரனைக் கொண்டு வருகிறார். அம்மா முதலில் அழுவாள், பிறகு வெளியில் தெரியாமல் மறைக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். மறைப்பதை நானே செய்துவிடலாமே என்று தோன்றியது. அதில் எனக்குப் பழக்கம் இருந்தது.

மாத்திரை ஆறு மாதம்தான் கேட்டது. பிறகு பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசி. பீரோவில் பழைய துப்பட்டாக்களுக்கு அடியில் அதை வைத்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வயிற்றில் போட்டுக்கொள்வேன். மெஷின் காட்டும் எண்ணைக் குறித்துவைக்க ஒரு சின்ன டைரி. ஒருநாள் மெஷின் 231 காட்டியது. டைரியில் 132 என்று எழுதினேன். எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை திட்டுவதற்கு ஒருவரும் இல்லை. பிறகு யாருக்காக எழுதினேன்?

இந்த நோயைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தேன், அத்தா. நூலகத்திலேயே வேலை, கேட்கவா வேண்டும்? கண், சிறுநீரகம், நரம்பு, பாதம் என்று ஒவ்வொரு அத்தியாயமாகப் படித்தேன். குளிக்கும்போது கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பேன். வலித்தால் நிம்மதி.

பரிசோதனைக்கு நம் ஆட்கள் யாரும் வராத இடமாகத் தேடி, செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்ன லேபைப் பிடித்தேன். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அதுவரை ஒரு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி மூலையில் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு காலையில்தான் அந்தக் குரல் கேட்டது.

"ஏ பாப்பா, ஒனக்கு எம்புட்டு?"

உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பினார்கள். நாற்பத்தைந்து வயசிருக்கும். தலையில் பஞ்சுத் தூசி, தோளில் ஒரு துண்டு. வீட்டோடு நாலு பவர்லூம் வைத்துத் துண்டு நெய்கிறவர், பெயர் முருகேஸ்வரி என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தறிச் சத்தத்திலேயே இருபது வருடம் பேசிப் பேசி அவருக்குச் சின்னக் குரல் என்று ஒன்று கிடையாது.

"எது எம்புட்டு?" என்றேன்.

"சுகருதான். பின்ன இங்க என்ன, பூவா விக்கிறாக?"

"நான் சும்மா செக்கப்புக்கு வந்தேங்க."

"நானும் எட்டு வருசமா சும்மா செக்கப்புக்குத்தான் வாரேன். எந்திரி, சாப்ட்டு வருவோம்."

எனக்கு எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. எதிர்த்த இட்லிக் கடையில் எனக்கு ஒன்றரை இட்லி போதும் என்றேன். அவர் பொங்கலும் வடையும் சொன்னார். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளும் இம்புட்டுத்தான் திம்பியா?" என்றார்.

"ஆமாக்கா."

"பொய்யி. மெஷின ஏமாத்தப் பாக்குற. நானும் ஏமாத்துனவதான், டெஸ்ட்டுக்கு மூணு நாளைக்கு முந்தி கஞ்சியும் நடையுமாக் கெடப்பேன். ரிசல்ட்டு நல்லா வரும், வந்த அன்னைக்கே பரோட்டா. இப்ப அதெல்லாம் விட்டுட்டேன். தெனம் திங்கிறதத்தான் இன்னைக்கும் திங்கிறேன். டாக்டரு திட்டட்டும். அதுக்குத்தான பீஸு வாங்குறாரு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டேன், உண்மையில் நான் தினமும் சாப்பிடுகிற கணக்கு அதுதான் என்பதால். அன்றைக்கு மதிய ரிசல்ட் பயங்கரமாக வந்தது. ஆனால் நிஜமாக வந்தது.

அடுத்த மாதம் அவரைப் பார்த்தபோது என்னிடம் ஓர் உதவி கேட்டார். "படிச்ச புள்ளயா இருக்க. எங்காலக் கொஞ்சம் பாத்துச் சொல்லு தாயி. எனக்குக் குனிஞ்சா வயிறு மறைக்குது. எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டுனா, கண்ணாடியும் போடாம 'எல்லாம் சோக்காத்தான் இருக்கு'ங்கிறாரு." கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லேபின் மரப் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துவிட்டார்.

அத்தா, உங்கள் உள்ளங்காலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் குண்டூசி ஏறிய இரண்டு நாளும் நீங்கள் என் எதிரில்தான் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தீர்கள். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரோ ஒரு பெண்ணின் குதிகாலைக் கையில் பிடித்துக்கொண்டு, விரல் இடுக்கில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, ஒவ்வோர் இடமாக அழுத்தி "இங்க தெரியுதா, இங்க தெரியுதா" என்று கேட்டேன். பெருவிரலுக்குக் கீழே அவருக்குத் தெரியவில்லை. புண் எதுவும் இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏந் தாயி அழுகுற? காலு நாறுதா?"

சிரிப்பும் அழுகையுமாக அந்தப் பெஞ்சிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள், நோட்டு, மூன்று பேனா, குண்டூசி, "நான்தான்". ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "சரி. இனிமே காலையில மெஷின்ல வாரத எனக்கு அனுப்பு. கையால அடிச்சு அனுப்பாத, மெஷினப் போட்டோப் பிடிச்சு அனுப்பு. நானும் அனுப்புறேன். வாரத்துக்கு ஒருக்கா வந்து எங்காலப் பாரு" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. காலை ஆறரைக்கு என் போட்டோ போகும், அவருடையது வரும். அவர் எண்ணோடு சேர்ந்து சில சமயம் தறியும் தெரியும், சில சமயம் அவர் பேத்தியின் மூக்கு. ஒருநாள் எனக்கு 290. அனுப்பக் கை வரவில்லை. முந்தின நாளின் 171 போட்டோவைத் திரும்ப அனுப்பினேன். அரை நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. "மெஷின்ல மேல சின்னதாத் தேதி இருக்கு தாயி. நேத்துச் சோத்த இன்னைக்கு எனக்குப் போடாத." வெட்கத்தில் காது சுட்டது. 290ஐ அனுப்பினேன்.

உண்மையான எண்களை எழுத ஆரம்பித்த பிறகு எனக்கு இன்னும் பெரிய பயம் வந்தது. பங்குனி பிறந்து வெயில் ஏறியது. எண்ணும் ஏறியது. டாக்டர் இரண்டு தடவை அளவைக் கூட்டினார். கூட்டியும் இறங்கவில்லை. ஊசியே கேட்கவில்லை என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கப் போகிறது என்று அந்த நாட்களில் நம்பியே விட்டேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். அப்புறம்தான் என்ன புத்தகம் என்று பார்ப்பது.

ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மருந்த எங்க வக்கிற?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"பீரோல."

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "மாடி வீட்டுலயா? இந்த வெயில்லயா?" என்றார். "பால வெளிய வச்சாத் திரிஞ்சு போகுதுல்ல, இது மட்டும் என்ன? நீ மருந்தா போட்டுக்கிட்டிருக்க? வெறுந் தண்ணியப் போட்டுக்கிட்டிருக்க."

அத்தா, எனக்குத் தெரியும். அதுதான் இதில் மோசம். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை முதல் நாளே இரண்டு முறை படித்தவள் நான். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், சூட்டில் கெட்டுவிடும் என்று அதில் தெளிவாக இருந்தது. ஆனால் நம் வீட்டில் ஃப்ரிட்ஜ் அம்மாவின் இடம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். வெயிலை எதிர்த்து நிற்கிற அளவுக்கு மருந்துக்குச் சக்தி இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவை எதிர்கொள்வதைவிட அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

அன்றைக்கே புது மருந்து வாங்கி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். சனிக்கிழமைதோறும் ஒன்றை எடுத்து வருவேன். கையில் இருக்கும் ஊசிக்கு, தறியில் நெய்த ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து சுற்றி வைக்கச் சொன்னார். டாக்டரிடம் பீரோவைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மாதம் என்று கேட்டார். பிறகு அளவைக் குறைத்து, ஜாக்கிரதையாகக் கவனிக்கச் சொன்னார். ஒரு வாரத்தில் எண் இறங்கியது. சித்திரை முழுக்க நன்றாக இருந்தேன். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை போனால் அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. தறிச் சத்தம் இல்லாத அந்தச் சந்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் ஊசியில் மறுநாள் காலைக்குக்கூட மருந்து இல்லை. போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"ஆத்தாடி, ஒங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன் பாரு. அழகர்கோவில்ல இருக்கோம், பேத்திக்கு மொட்டை, கெடா வெட்டு. நாளைக்கு ராத்திரிதான் வாரோம்."

"சாவி யார்ட்டயாவது இருக்காக்கா?"

"பக்கத்து வீட்டு மலருகிட்டக் குடுத்தேன்."

பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அதுவும் பூட்டியிருந்தது. போனில் அக்கா யாரிடமோ ஏதோ கேட்டார். திரும்ப வந்தபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மலரும் எங்கூடத்தான் வேன்ல வந்திருக்கா. சாவி அவ மடியிலதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னார்: "பாப்பா, கடையில ஒண்ணு புதுசா வாங்கு. வாங்கி ஒங்க வீட்டுல வையி. நான் திட்டல. ஆனா நாளப்பின்ன நான் இல்லாமப் போனா, நீ யாரு வீட்டு வாசல்ல நிப்ப?"

மருந்துக் கடையில் ஐஸ் போட்டுச் சின்னத் தெர்மோகோல் பெட்டியில் கொடுத்தார்கள். ஆனையூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாலு மணி வெயில். ஐஸ் கரைந்து பெட்டியின் மூலையிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது. வீட்டை நெருங்க நெருங்க எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. எங்கே போவது?

அம்மா சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டியை வைத்தேன். அம்மா முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

டீக்குப் பால் எடுக்க அம்மா எழுந்தது கேட்டது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. மூடவில்லை. ரொம்ப நேரம் திறந்து வைத்தால் நம் ஃப்ரிட்ஜ் கீச்சிடும். கீச்சிட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அத்தா, அந்தச் சத்தத்தை நான் எப்படித் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

அறை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பெட்டி.

"இது யாருக்கு?"

"எனக்கு."

"எப்ப இருந்து?"

"பதிமூணு மாசமா."

அவள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில உங்க அத்தாவுக்குப் போட்டதும் இதேதான்" என்றாள். "அம்மா, அந்த நோட்டு... அத அத்தா எழுதல. நாந்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும் புள்ள."

"அடுப்படில நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருப்பேன். கடையில இருந்து வந்தா வாயத் தொறக்காத மனுசன், அன்னைக்கு மட்டும் ஒங்கூடச் சேந்து அப்பிடிச் சிரிப்பாரு. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. ஒரு நாளு நான் வந்து நின்னு என்ன பண்றீங்கன்னு கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா அத்தா என்ன சொல்லிருப்பாரு?"

"நீயும் ஒரு பேனா எடுத்துட்டு வான்னு சொல்லிருப்பாரு."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது வருடமாக அவளும் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அத்தா. இரண்டு அறைகள் உள்ள ஒரு வீட்டில், நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக. உங்களுக்கு இது தெரியுமா? நாங்கள் சிரித்ததை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று?

பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்தை அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். "மேல வச்சாக் கட்டியாயிரும், கதவுலதான் வைக்கணும்" என்றாள் என்னிடம், என்னவோ நான் அதை மேலே வைத்த மாதிரி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. அப்படி இல்லை. அம்மா இப்போது சோற்றைக் கரண்டியால் அளக்கிறாள். நான் விரலில் குத்தும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறாள், ஆனால் அறையை விட்டுப் போவதில்லை. திரும்பாமலே "எம்புட்டு?" என்று கேட்கிறாள். காலையில் கண் விழித்ததும் எனக்கு அந்தக் கேள்விதான் முதல் பயம்.

அழகர்கோவில் பிரசாத தோசையோடு முருகேஸ்வரி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரும் அம்மாவும் அரை மணி நேரம் பேசினார்கள். அக்கா குரலில் கீழ் வீட்டுக்காரருக்கு என் மூன்று மாதச் சராசரி வரை தெரிந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெயரைக்கூட யாரிடமும் சீக்கிரம் சொல்லாத என்னை உங்களுக்குத் தெரியுமே. சின்னத்தாவிடம் அம்மாவே சொன்னாள், இனி வருகிற வரனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று. அதற்குப் பிறகு முதலில் வந்த வரன் வீட்டார், விஷயத்தைக் கேட்டபின் போனை எடுக்கவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை கண்ணுக்குள் மருந்து விட்டு உள்ளே இருக்கும் நரம்பைப் பார்க்கப் போகிறார்கள். மருந்து பீரோவில் இருந்த மாதங்கள் அங்கே எதையாவது செய்து வைத்திருக்குமா? டாக்டர் "பார்ப்போம்" என்று மட்டும்தான் சொன்னார். மருந்து விட்டால் மூன்று நாலு மணி நேரம் எதையும் படிக்க முடியாதாம், கூட ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். அம்மா வருகிறாள். தறியை நிறுத்திவிட்டு அக்காவும் வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒனக்காகவா வாரேன்? எனக்கும் பாக்கணும். ரெண்டு வருசமா பயந்துக்கிட்டுப் போகாம இருக்கேன்" என்றார். அவரும் பயப்படுவார் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

இன்று காலை மெஷின் 214 காட்டியது. ஏன் என்று தெரியவில்லை, நேற்று எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில், சத்தியமாக, நூத்தி நாப்பத்தொண்ணு என்ற எண் நாக்கு நுனி வரை வந்தது. இருநூத்திப் பதினாலு என்று சொன்னேன். "சரி, ஊசியப் போடு, நான் இட்லி ஊத்துறேன்" என்று போய்விட்டாள். அவ்வளவுதான், அத்தா. யாரும் கத்தவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். செவ்வாய்க்கிழமை அந்த டாக்டர் என்னிடம் எதைச் சொன்னாலும், அதை எனக்குள் ஒருநாள்கூட வைத்துக்கொள்ள மாட்டேன். கண் கூசிக்கொண்டிருக்கும்போதே, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர்கள் இருவரிடமும் அப்படியே சொல்வேன். நல்லதாக இல்லாவிட்டாலும். கேட்டு முடித்ததும் நாங்கள் மூன்று பேரும் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் சொன்னது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அன்று மாலை அஸர் தொழுத பிறகு உங்களுக்கும் சொல்வேன்.

உங்கள் ஒரே மகள்